பெயர், கல், பாட்டு: தண்டையார்பேட்டை வட்டாரச் சமயக் கலையில் வெற்றியும் சகிப்பின்மையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சமயம் வலுவடையும்போது முந்தைய சமயத்தின் கலை என்னவாகிறது என்னும் வினாவுக்குத் தமிழ் ஆய்வுலகில் இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. வென்றவர் இடித்தனர் என்பது ஒன்று. தமிழ் மண்ணில் எல்லாச் சமயங்களும் இணங்கியே வாழ்ந்தன என்பது மற்றொன்று. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், பழைய கறுப்பர் நகரம் ஆகியவை அடங்கிய வடசென்னைக் கடற்கரை வட்டாரத்தின் சான்றுகளைக் கொண்டு இவ்விரு விடைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஊர்ப்பெயர், கோயிற்கல், சமயப்பாட்டு ஆகிய மூவகைச் சான்றுகளிலும் வெற்றி வெவ்வேறு வகையில் செயற்பட்டதையும், நமக்கு உவப்பான கதைக்கும் உவப்பற்ற கதைக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தண்டையார்பேட்டை, குணங்குடி மஸ்தான் சாகிபு, திருவொற்றியூர், சதுரானன பண்டிதர், சென்னகேசவப் பெருமாள் கோயில், அருட்பா மருட்பா.

1. முன்னுரை

வழிபாட்டிடங்களின் அழிவு குறித்த ஆய்வில் அண்மைக் காலத்தில் பெரிதும் எடுத்தாளப்படுபவர் ரிச்சர்ட் ஈட்டன். 1192 முதல் 1729 வரையிலான காலப்பகுதியில் சான்றுடன் நிறுவத்தக்க 80 கோயில் அழிப்பு நிகழ்வுகளை அவர் தொகுத்தார். தோற்ற அரசனின் இறைமையோடு பிணைந்த கோயில்களே பெரும்பாலும் தாக்கப்பட்டன. எனவே அவ்வழிப்பு அடிப்படையில் ஓர் அரசியற் செயல் என்பது அவர் முடிவு. ரிச்சர்ட் டேவிஸ், வென்றவர்கள் தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்து சென்ற மரபை ஆராய்ந்து, அது இசுலாமிய அரசர்களுக்கு முன்பே இந்திய அரசர்களிடம் வேரூன்றியிருந்ததைக் காட்டினார். முதலாம் இராசாதிராச சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை அதற்குத் தமிழகம் தரும் நேரடிச் சான்றாகும். கொண்டுவந்த செய்தி அச்சிலையின் பீடத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது.

இவ்விளக்கங்கள் வலிமையானவை. ஆயினும் இவை அரசனை நடுவில் நிறுத்தி எழுந்தவை. அரசனே இல்லாத இடத்தில், வணிகக் கும்பினியும் அச்சகமும் மடமும் மக்கள் வழக்கும் சமயக் கலையின் தலைவிதியை எழுதிய இடத்தில், இவ்விளக்கங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆராயத்தக்கது. வடசென்னை அத்தகைய இடமாகும்.

2. பெயர்: தொண்டியார் கதையும் 1693ஆம் ஆண்டும்

தண்டையார்பேட்டை என்னும் பெயருக்குப் பரவலாக வழங்கும் விளக்கம் குணங்குடி மஸ்தான் சாகிபுவோடு தொடர்புடையது. இராமநாதபுரம் பகுதியில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த இந்தச் சூஃபி ஞானி, பிற்காலத்தில் சென்னைக்கு வந்து தங்கினார். தொண்டியிலிருந்து வந்தமையால் மக்கள் அவரைத் தொண்டியார் என்றனர். அவர் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டை ஆயிற்று. அதுவே தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்பர். அவருடைய அடக்கத்தலம் அங்கு இருப்பதும், ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்து வடிவம் ‘தொண்டியார்’ என்னும் ஒலிப்புக்கு இசைவதும் இவ்விளக்கத்துக்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. சமய நல்லிணக்கம் பற்றிய கருத்தரங்குகளிலும் பாடநூற் குறிப்புகளிலும் இது ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே இடம்பெறுகிறது.

காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. எழும்பூர், புரசைவாக்கம் ஆகிய ஊர்களோடு தண்டையார்பேட்டையும் 1693இல் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிடைத்தது. ஆங்கிலக் குறிப்புகளில் சிதைந்த ஒலிப்போடு காணப்படும் அவ்வூரைத் தண்டையார்பேட்டை என்றே சென்னை வரலாற்றாசிரியர்கள் அடையாளம் கண்டுள்ளனர். மஸ்தான் சாகிபுவின் காலம் 1792 முதல் 1838 வரை என்பது பெருவழக்கு. ஆகவே ஊர்ப்பெயரின் வேர், ஞானி பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே ஆவணத்தில் இருக்கிறது. ஞானியின் பெயரால் ஊர் தோன்றியது என்பதைக் காட்டிலும், முன்பிருந்த ஊர்ப்பெயருக்கு ஞானியின் பெயரால் மக்கள் புதுப்பொருள் கண்டனர் என்பதே சான்றுக்கு இசைந்த முடிபாகும்.

இம்முடிபு கதையின் மதிப்பைக் குறைப்பதில்லை. ஓர் ஊரின் பல சமயத்து மக்கள் தம் ஊர்ப்பெயரில் ஒரு சூஃபியின் பெயரைக் கேட்க விரும்பினர் என்பது வலுவான பண்பாட்டுச் சான்றாகும். ஆனால் அது 19, 20ஆம் நூற்றாண்டுகளின் மனநிலைக்குச் சான்றே தவிர, ஊரின் தோற்றத்துக்குச் சான்றன்று. அண்டையிலுள்ள இராயபுரத்தின் பெயரும் இவ்வாறே ஒரு புதிய சமயத்தின் வழியாகப் பொருள் பெறுகிறது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என வழங்குவர். கடலோர மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயத்தோடு அப்பெயரை இணைப்பது வழக்கம்.

பெயரை மாற்றிப் பொருள் கொள்ளுதல் மென்மையான வெற்றி. அதில் எவர் வீடும் இடிவதில்லை. ஆயினும் அதன் தருக்கம் கவனத்துக்குரியது. ஒலி ஒப்புமையைக் கொண்டு ஓர் இடத்தின் தொடக்கம் தம் சமயத்துக்கு உரியது என்று நிறுவும் அதே முறை, இந்தியாவின் பல ஊர்களில் பகைமைக்கும் கருவியாகிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த சமயத் தன்மையே வழிபாட்டிடங்களில் தொடர வேண்டும் என 1991ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய பின்னரும், பெயரையும் கல்லையும் காட்டி உரிமை கோரும் வழக்குகள் நின்றபாடில்லை. நல்லிணக்கத்துக்குத் துணை செய்கிறது என்பதற்காகத் தளர்வான சொற்பிறப்பை ஏற்கும் ஆய்வாளர், பகைமைக்குத் துணை செய்யும் தளர்வான சொற்பிறப்பை மறுக்கும் தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார்.

3. கல்: வென்றவனின் ஆட்சியாண்டு

தண்டையார்பேட்டைக்கு வடக்கே திருவொற்றியூர்ச் சிவன் கோயில் பல்லவர் காலம் முதல் கல்வெட்டுகளைக் கொண்டது. தக்கோலப் போரில் (கி.பி. 949) சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டான். கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்று தன்னை அழைத்துக்கொண்ட அவனுடைய ஆட்சியாண்டு இட்ட கல்வெட்டுகள் திருவொற்றியூரிலும் உள்ளன.

அவற்றுள் ஒன்று சதுரானன பண்டிதரின் வரலாற்றைக் கூறுகிறது. கேரளத்தில் பிறந்த வல்லபன் என்பவர் இராசாதித்தனுக்கு நெருங்கிய நண்பராக விளங்கினார். களத்தில் அவனோடு மடியும் வாய்ப்பு அவருக்கு நேரவில்லை. அத்துயரால் துறவு பூண்டு, திருவொற்றியூருக்கு வந்து, அங்கிருந்த சைவ மடத்தின் தலைமையை ஏற்றுச் சதுரானன பண்டிதர் எனப் பெயர் பெற்றார். நண்பனின் சாவுக்குக் காரணமான படையெடுப்பை நடத்திய மன்னனின் ஆட்சியாண்டையே அவருடைய அறக்கட்டளை தாங்கி நிற்கிறது.

இங்கு வென்றவனும் தோற்றவனும் சைவ, வைணவக் கோயில்களைப் போற்றிய அரசர்களே. எனவே கோயில் தாக்கப்படவில்லை. மேலும் கொடை பெற்றது. ஈட்டனின் விளக்கப்படி பார்த்தால், தோற்ற அரசகுலத்தின் நெருங்கிய நண்பர் தலைமை வகித்த ஒரு மடம் ஐயத்துக்குரிய இடமாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. மடம் அரசனுக்கு அப்பாற்பட்ட ஒரு தொடர்ச்சியைப் பெற்றிருந்தது. சதுரானன பண்டிதர் என்னும் பெயர் அடுத்து வந்த மடத்தலைவர்களுக்கும் பட்டமாயிற்று. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அப்பட்டம் தாங்கிய ஒருவரின் ஏவலால், வீரசோழத் தச்சன் எனப்பட்ட இரவி என்னும் சிற்பி கருவறை விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தான். தூங்கானை மாட வடிவிலுள்ள அவ்விமானம் ஒரு வெற்றிச் சின்னமாக எழவில்லை; படையெடுப்பைக் கடந்து நின்ற ஒரு நிறுவனத்தின் கையொப்பமாக எழுந்தது.

ஆனால் இக்கோயிலையும் முழு இணக்கத்தின் சின்னமாகக் காண்பது பொருந்தாது. இங்குள்ள வட்டப்பாறையம்மன் பற்றிய தலமரபு, உக்கிர வழிபாடு ஏற்ற காளியின் சினத்தை ஆதிசங்கரர் தணித்ததாகக் கூறுகிறது. மூலவருக்கு நம்பூதிரிகள் பூசை செய்யும் வழக்கத்தையும் அம்மரபு அவரோடு இணைத்துக் காட்டும். இக்கதையின் வரலாற்று உண்மை தனி ஆய்வுக்குரியது. கதையின் வடிவம் சொல்வது தெளிவு: ஒரு பழைய வழிபாட்டு முறை தீயது எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அடக்கப்பட்டு, அடக்கப்பட்ட நிலையிலேயே கோயிலுக்குள் இடம் பெறுகிறது. வென்ற தரப்பு அதனை ‘சாந்தம்’ என்று நினைவுகூர்கிறது. தோற்ற தரப்பின் சொல் நமக்கு எட்டவில்லை. இடிபாடு எதுவும் இல்லாத இடத்திலும் சமய வெற்றி நிகழ்ந்திருக்கலாம் என்பதற்கு இத்தகைய தலமரபுகள் குறிப்பாகின்றன.

4. கல்: பீரங்கியின் பார்வையில் கோயில்

சென்னைப் பட்டணத்தின் சென்னகேசவப் பெருமாள் கோயில், கோட்டைக்கு வடக்கே பழைய கறுப்பர் நகரத்தில், இன்றைய உயர்நீதிமன்ற வளாகப் பகுதியில் நின்றது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் அது கும்பினியிடம் மீண்டது. கோட்டையை ஒட்டிய கட்டடங்கள் பகைவருக்கு மறைவிடம் ஆகும் என்னும் பாடத்தைக் கும்பினி அதிலிருந்து கற்றது. கோட்டைக்கு எதிரே திறந்தவெளி வேண்டும் என முடிவெடுத்து, 1757இல் பழைய நகரத்தின் எஞ்சிய பகுதியோடு இக்கோயிலையும் இடித்தது. மாற்று நிலம் வழங்கப்பட்டது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் 1760களில் சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் இரட்டைக் கோயில்கள் புதிய நகரத்தில் எழுந்தன.

இந்நிகழ்ச்சி வழக்கமான இரு விளக்கங்களுக்குள்ளும் அடங்குவதில்லை. கும்பினி இக்கோயிலை விக்கிரக ஆராதனை என்று வெறுத்து இடிக்கவில்லை. தோற்ற அரசனின் சின்னம் என்று கருதியும் இடிக்கவில்லை. பீரங்கிக்கு எதிரே நின்ற ஒரு கட்டடமாகவே அதனைக் கண்டது. புனிதத்தை எதிர்ப்பவன் அதன் ஆற்றலை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறான். புனிதத்தைச் சதுர அடியாகவும் ஈட்டுத்தொகையாகவும் மாற்றுபவன் அதனைக் கண்டுகொள்வதே இல்லை. இவ்வலட்சியம் சகிப்பின்மையினும் மென்மையானது என்று சொல்ல இயலாது. கட்டுமானத் தடை எல்லையைக் காட்ட 1773இல் நடப்பட்ட ஆறு தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. இடிக்கப்பட்ட கோயில் நின்ற இடத்தை அறிந்தோர் சிலரே. குண்டு பாயும் தொலைவுக்கு நினைவுச்சின்னம் எஞ்சியது, தெய்வம் இருந்த இடத்துக்கு எஞ்சவில்லை.

அதே காலத்தில் கும்பினி கிறித்தவ ஆலயங்களிடமும் கடுமை காட்டியது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்குத் துணை நின்றனர் என்னும் ஐயத்தால், கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் துறவியரின் ஆலயம் பறிக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டிய சிற்றாலயம் 1752இல் சீர்திருத்தச் சபை மறைபரப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. இங்கு ஈட்டனின் அரசியல் விளக்கம் பொருந்துகிறது. ஆனால் ஐயத்துக்கு ஆளானவர் யார் என்பதைத் தீர்மானித்தது சமயப் பிரிவே என்பதனால், அரசியலையும் சமயத்தையும் இருவேறு காரணங்களாகப் பிரிக்க இயலாமலும் போகிறது. மயிலாப்பூரில் நிலைமை மேலும் சிக்கலானது. சாந்தோம் ஆலய வளாகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் அப்பகுதியின் பழைய சிவன் கோயிலோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. கல்லின் இடமாற்றம் ஓர் இழப்பைக் காட்டுகிறது. அது ஒரே நாளின் இடிப்பா, பாழடைந்த கல்லின் மறுபயனா என்பதைத் துண்டு மட்டும் சொல்லாது. இடித்தவரின் நோக்கத்தை ஆய்வாளர் எவ்வளவு நுட்பமாகப் பகுத்தாலும், வழிபாட்டிடத்தை இழந்தவரின் துயரம் அப்பகுப்பினால் குறைவதில்லை என்பதும் நினைவில் நிற்க வேண்டும்.

5. உடைத்த கையும் எழுதிய கையும்

சகிப்பின்மையைத் தெளிவான இறையியற் செயலாகக் காட்டும் சான்று தரங்கம்பாடியில் கிடைக்கிறது. அதன் முடிவு சென்னையில் நிகழ்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, ஓர் அம்மன் கோயிலில் மண்ணுருவங்கள் சிலவற்றைத் தள்ளி, தலைகளைத் தட்டி வீழ்த்தியதாகத் தாமே எழுதியுள்ளார். அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்களே என்று உடனிருந்த தமிழாசிரியர் ஒருவர் விளக்கம் தந்ததையும் அவரே பதிவு செய்தார். அக்கியானத்தைக் கண்டித்து அச்சிட்டவரும் அவரே. அவரே 1713இல் தமிழர் தெய்வங்களின் மரபுவரிசையை விரிவாகத் தொகுத்தார். ஐரோப்பாவிலிருந்த அவருடைய மேலோர் அதனை அச்சேற்றவில்லை. வில்லெம் ஜெர்மன் என்னும் மறைபரப்பாளரின் பதிப்பாக 1867இல் சென்னையில்தான் அது வெளிவந்தது.

உடைத்த கையே எழுதவும் செய்தது என்பதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். மறுப்பதற்காக அறியத் தொடங்கியவர், அறிந்த அளவுக்கு மறுப்பின் எளிமையை இழந்தார் என்று இதனை விளங்கிக்கொள்ளலாம். ‘காவல் வீரர்’ என்ற ஒரு விடை, சிலை என்னும் ஒற்றைச் சொல்லைத் தெய்வம், பரிவாரம், நேர்த்திக்கடன் உருவம் எனப் பிரித்தது. அறிவு சகிப்புத்தன்மையைத் தானாகத் தந்துவிடுவதில்லை. ஆனால் ஒரே அடியில் எல்லாவற்றையும் உடைக்கும் உறுதியை அது தளர்த்துகிறது.

6. பாட்டு: குணங்குடியாரின் இரு உரிமையாளர்கள்

மஸ்தான் சாகிபுவின் பாடல்களில் முகியித்தீன் சதகமும் அகத்தீசர் சதகமும் உண்டு; றகுமான் கண்ணியும் நந்தீசுவரக் கண்ணியும் மனோன்மணிக் கண்ணியும் உண்டு. எக்காலக் கண்ணி, பட்டினத்தாரின் மாணவராகக் கருதப்படும் பத்திரகிரியாரின் புலம்பல் வடிவை ஏற்றது. பராபரக் கண்ணி தாயுமானவரை நினைவூட்டும். பட்டினத்தார் அடங்கிய இடமாகப் போற்றப்படும் திருவொற்றியூர்க் கடற்கரைக்கும் மஸ்தானின் அடக்கத்தலத்துக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை. யாப்பின் உறவுக்கு நிலமும் அண்மை தந்திருக்கிறது.

இப்பாடல்களைத் திறனாய்வாளர் இரு வகையில் படித்தனர். முதல் தரப்பு அவரைச் சித்தர் வரிசையில் சேர்த்து, சமயம் கடந்தவர் என்றது. மற்றத் தரப்பு சைவச் சொற்களை வெறும் குறியீடுகள் என ஒதுக்கி, இசுலாமிய ஞானி என்று மட்டும் வரையறுத்தது. முதல் வாசிப்புக்கு முகியித்தீன் சதகம் இடையூறு. பகுதாதின் ஞானி அப்துல் காதிர் ஜீலானியைப் போற்றும் அந்நூல், காதிரிய வழியில் நிற்பவரின் குருபத்தியைத் தெளிவாகக் காட்டுகிறது. மற்ற வாசிப்புக்கு மனோன்மணிக் கண்ணி இடையூறு. மனோன்மணி என்பது சைவ யோக மரபில் சத்தியின் பெயர். தமிழ்ப் பத்திமரபில் அடியார் தலைவியாகவும் இறைவன் தலைவனாகவும் அமைவதே பெருவழக்காக, மஸ்தான் இறைமையைத் தலைவியாக்கித் தாம் தலைவனாய் நின்று ஏங்குகிறார். சூஃபிக் காதல் மரபின் அமைப்பும் சைவ யோக மரபின் பெயரும் ஒரே கண்ணியில் இணைகின்றன. எதனை நீக்கினாலும் பாட்டு நிற்காது.

ஆகவே இவ்விரு வாசிப்புகளும் ஒருவகை வெற்றிக் கோரிக்கைகளே. சமயம் கடந்தவர் என்னும் புகழுரை அவருடைய சமயத்தை அவரிடமிருந்து பறிக்கிறது; தம் சமயத்தவர் மட்டுமே என்னும் உரிமையுரை அவருடைய தமிழைப் பறிக்கிறது. அவர் காலத்தவர் இதனினும் நேர்மையாக நடந்துகொண்டனர். திருக்குறள் பதிப்பாசிரியராகவும் அறியப்படும் திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் அந்தாதி பாடினார். அவரைத் தம் சமயத்துக்கு மாற்றாமலும், தாம் அவர் சமயத்துக்கு மாறாமலும், தம்மிடமிருந்த சிற்றிலக்கிய வடிவங்களால் அவரைப் போற்றினர். வேற்றுமையை ஒப்புக்கொண்ட மரியாதை அது.

7. உட்பகை: அருட்பாவும் மருட்பாவும்

பழைய சமயத்துக்கும் புதிய சமயத்துக்கும் இடையிலான சகிப்பின்மை அயலாரோடு மட்டும் நிகழ்வதன்று. 1840களில் மறைபரப்பை எதிர்க்கச் சென்னையில் சதுர்வேத சித்தாந்த சபை எழுந்தது. 1854இல் ஆறுமுக நாவலர் சைவ தூஷண பரிகாரம் வெளியிட்டார். எதிரியின் வேதத்தைக் கற்று, எதிரியின் கருவியாகிய அச்சைக் கொண்டு, சைவத்தைக் காத்த முயற்சி அது. சீகன்பால்குவின் தெய்வ மரபு நூல் வெளிவந்த அதே 1867ஆம் ஆண்டில், திருவொற்றியூர் இறைவனைப் பாடிய இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயரோடு அச்சேறின. நாவலர் தரப்பு அதனை மருட்பா என மறுத்தது. திருமுறைகளுக்கே உரிய ‘அருட்பா’ என்னும் மதிப்புப்பெயரைப் புதிய பாட்டு ஏற்கலாமா என்பதே வழக்கின் உயிர்நிலை.

ஆக, இங்கும் போர் ஒரு பெயரைப் பற்றியது. மறைபரப்பாளரோடு நடந்த வாதத்தில் கூர்மை பெற்ற கண்டன நடை, உள்ளிருந்து எழுந்த புதுமையின்மீதும் பாய்ந்தது. இவ்வழக்கு தலைமுறை கடந்து நீண்டபோது, அருட்பாவின் தரப்பில் நின்று வாதிட்டவர்களுள் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் முசுலிம் புலவர். சகிப்பின்மையின் எல்லைக்கோடு சமயங்களின் எல்லைக்கோட்டோடு ஒத்துப்போவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

8. முடிவுரை

ரோமின் பாந்தியான் 609இல் தேவாலயமாக்கப்பட்டதால் இடிபாட்டிலிருந்து தப்பியது. கோர்தோபாவின் பெரும்பள்ளி நடுவே 16ஆம் நூற்றாண்டில் பேராலயம் எழுந்ததால் அது காயத்தோடு தப்பியது. பாமியான் புத்தர்கள் வழிபடுவோர் எவரும் அருகில் இல்லாத நிலையிலும் 2001இல் தகர்க்கப்பட்டனர். ‘வெற்றி’ என்னும் ஒரு சொல் இவற்றை விளக்கப் போதாது. வடசென்னையின் சான்றுகளும் அதையே காட்டுகின்றன. ஒரு படையெடுப்பு கோயிலைத் தொடாமல் சென்றது. ஒரு பாதுகாப்புத் திட்டம் பகையே இல்லாமல் கோயிலை இடித்தது. ஒரு கதை தெய்வத்தை அடக்கிவிட்டுச் சாந்தம் என்றது. ஒரு புகழுரை புலவரின் சமயத்தை மறைத்தது.

இவ்வேறுபாடுகளைப் பகுத்துக் கூறுவது எவர் செயலையும் மன்னிப்பதற்காக அன்று. எந்தச் சான்று எதனைத் தாங்கும் என்பதை அறிவதற்காக. தொண்டியார்பேட்டை என்னும் விளக்கம் மக்களின் அன்புக்குச் சான்று. ஊரின் தொடக்கத்துக்குச் சான்றன்று. இவ்வேறுபாட்டை நல்லிணக்கக் கதையிடத்துக் கடைப்பிடிக்கும் ஆய்வாளரே, நாளை ஒரு பெயரையோ கல் துண்டையோ காட்டி அண்டை வீட்டாரின் வழிபாட்டிடம் கோரப்படும்போது, அதே அளவுகோலை எடுத்து வைக்க இயலும்.